தோழனாக நின்ற தலைவன்: ஜான்லூகா வியால்லியின் பயிற்சியாளர் வாழ்வு

கோல் அடிப்பதையே தொழிலாகக் கொண்ட முன்கள வீரர்கள் பிற்காலத்தில் சிறந்த பயிற்சியாளர்களாக விளங்குவது அரிது என்றும், ஆட்டத்தின் முழுப்போக்கையும் நடுவிலிருந்தோ பின்னாலிருந்தோ பார்த்துப் பழகியவர்களுக்கே அந்த உத்தியோகம் இயல்பாகக் கைவரும் என்றும் கால்பந்தாட்டத்தைப் பற்றி எழுதுவோரிடையே நெடுங்காலமாக ஓர் அபிப்பிராயம் நிலவிவருகிறது. இத்தாலியை எடுத்துக்கொண்டால் இந்த அபிப்பிராயத்துக்குச் சான்றுகள் குறைவில்லை. த்ரபத்தோனி, கப்பெல்லோ, அஞ்செலோத்தி, கோந்தே ஆகியோர் நடுக்களத்தில் ஆடியவர்கள், லிப்பி தடுப்பாட்டக்காரர். உலகம் போற்றும் அந்நாட்டுப் பயிற்சியாளர் வரிசையில் முன்கள வீரர்களைத் தேடினால் சிலரே அகப்படுகிறார்கள். அச்சிலருள்ளும் தாய்நாட்டில் ஒரு கழகத்தையேனும் பயிற்றுவிக்காமல், அயல்நாட்டிலேயே அத்தொழிலைத் தொடங்கி, அயல்நாட்டிலேயே அதை முடித்துக்கொண்டவர் ஒருவர் இருக்கிறார். அவர் ஜான்லூகா வியால்லி. செல்சி கழகத்தின் பயிற்சியாளராக மூன்று ஆண்டுகூட நிறையாத காலத்தில் 5 கோப்பைகளை வென்றவர், பிறகு இரண்டாம் நிலைக் கழகம் ஒன்றில் ஒரே பருவம் பணிபுரிந்து, 38 வயது நிறையும் முன்னரே அத்தொழிலைவிட்டு நீங்கியவர், பயிற்சியாளர் பற்றிய ஆராய்ச்சிகளில் பெரும்பாலும் ஒரு வரியோடு கடந்துபோகப்படுகிறார். அவருடைய வெற்றிக்கும் வீழ்ச்சிக்கும் காரணம் ஒரே குணந்தான் என்பதும், அந்தக் குணம் அவர் ஜெனோவா நகரத்தில் வாலிப வயதில் கற்றுக்கொண்டது என்பதும், அதை அறிந்துகொள்ளாமல் அவரை மதிப்பிடுவது பொருந்தாது என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

வியால்லி 1964-ஆம் ஆண்டு ஜூலை 9-ஆம் தேதி, வட இத்தாலியின் போ நதிச் சமவெளியில், ஸ்த்ராதிவாரி முதலிய வயலின் சிற்பிகளால் கீர்த்தி பெற்ற கிரெமோனா நகரத்தில் பிறந்தார். ஐந்து குழந்தைகளில் கடைக்குட்டி. தந்தையார் பெருஞ்செல்வர், குடும்பம் வாழ்ந்ததோ 60 அறைகள் கொண்ட பழைய கோட்டை மாளிகை. வறுமையின் பிடியிலிருந்து விடுபடுவதற்காகப் பந்தை உதைக்கத் தொடங்கிய எத்தனையோ ஆட்டக்காரர்களின் சரித்திரத்தைப் படித்துப் பழகிய நமக்கு, பணத்துக்கு எந்தத் தேவையும் இல்லாத ஒரு பிள்ளை இந்த விளையாட்டை ஏன் இத்தனை பிடிவாதமாகப் பற்றிக்கொண்டான் என்ற வினா எழுவது இயல்பே. தேவாலயத்தை ஒட்டிய விளையாட்டுத் திடலில் மற்றப் பிள்ளைகளோடு கலந்து ஆடிய பழக்கத்தில், மாளிகை தராத ஒன்றை, அதாவது சமமானவர்களின் கூட்டத்தை, அவர் கண்டுகொண்டார் என்று கருத இடமுண்டு. 16-ஆம் வயதில், 1980-இல், சொந்த ஊர்க் கழகமான கிரெமோனேசேயில் சேர்ந்தார். அப்போது மூன்றாம் பிரிவில் கிடந்த அக்கழகம் 1984-இல் முதற்பிரிவான சீரி ஆவுக்கு ஏறிய பருவத்தோடு அவரும் ஊரைவிட்டுப் புறப்பட்டார்.

அவர் சென்ற இடம் ஜெனோவா. சேர்ந்த கழகம் சாம்ப்டோரியா. இந்தக் கழகத்தைப் பற்றிச் சற்று விரிவாகப் பேசாமல் வியால்லியைப் பற்றிப் பேச இயலாது. இரு பழைய கழகங்களின் இணைப்பால் 1946-இல் தோன்றிய சாம்ப்டோரியா, மிலான், தூரின் நகரங்களின் பெருங்கழகங்களுக்கு முன்னே செல்வத்தாலும் செல்வாக்காலும் சிறியது. எண்ணெய் வாணிபத்தில் பொருளீட்டிய பாவ்லோ மாந்தோவானி என்னும் தலைவர், வயதில் இளைய ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்து, அவர்களை விற்றுப் பணமாக்காமல், பல ஆண்டுகள் ஒன்றாகவே வைத்து வளர்ப்பது என்ற கொள்கையைக் கைக்கொண்டார். 1982-இல் வந்த ராபர்த்தோ மான்சினி, 1984-இல் வந்த வியால்லி, இருவரும் ஒரே ஆண்டில் பிறந்தவர்கள். ஒருவர் பந்தை நுட்பமாக வழங்குவதில் தேர்ந்தவர், மற்றவர் அதை வலையில் சேர்ப்பதில் தேர்ந்தவர். இவர்களை 'கோல் இரட்டையர்' என்று இத்தாலியர் அழைத்தனர். 1986-இல் பயிற்சியாளராக வந்த யூகோஸ்லாவியர் வுயாதின் போஸ்கோவ், கண்டிப்பைக் காட்டிலும் நகைச்சுவையாலும் வாஞ்சையாலும் ஆட்டக்காரர்களை நடத்தியவர். மிலான் கழகம் பெரும்பொருள் கொடுத்து வியால்லியை அழைத்தபோது, தோழர்களை விட்டுப் பிரிய மனமில்லாமல் அவர் ஜெனோவாவிலேயே தங்கியிருந்தார். அந்தத் தங்குதலின் பலன் சிறிதன்று. 1985, 1988, 1989 ஆகிய ஆண்டுகளில் இத்தாலியக் கோப்பை கிடைத்தது. 1990-இல் கோத்தன்பர்க் நகரத்தில் நடந்த ஐரோப்பியக் கோப்பை வென்றோர் கோப்பையின் இறுதியாட்டத்தில், பெல்ஜியத்தின் அந்தர்லெக்ட் கழகத்துக்கு எதிராகக் கூடுதல் நேரத்தில் விழுந்த இரண்டு கோல்களும் வியால்லியினுடையவை. 1990–91 பருவத்தில் சாம்ப்டோரியா இத்தாலியின் லீக் பட்டத்தை வென்றது. 19 கோல்களோடு அப்பருவத்தின் முதல்வராக வந்தவரும் அவரே. அந்தக் கழகத்தின் சரித்திரத்தில் அதற்கு முன்னும் பின்னும் வேறொரு லீக் பட்டம் இல்லை.

மறு ஆண்டு, 1992 மே மாதத்தில், லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் ஐரோப்பியக் கோப்பையின் இறுதியாட்டம் பார்சலோனாவுடன் நிகழ்ந்தது. கோல் அடிக்கக் கிடைத்த நல்ல சந்தர்ப்பங்களை வியால்லி அன்று தவறவிட்டார். கூடுதல் நேரத்தில், 112-ஆம் நிமிடத்தில், ரொனால்ட் கூமன் ஃப்ரீ கிக்கில் அடித்த பந்து வலைக்குள் புகுந்து ஆட்டத்தை முடித்தது. அந்தத் தோல்வியோடு அவருடைய ஜெனோவா வாழ்வும் முடிவுற்றது. தூரினின் யுவெண்டஸ் கழகம் அவரை ஏறக்குறைய 12 மில்லியன் பவுனுக்கு வாங்கியது. அந்தக் கோடையில் சிறிது காலத்துக்கு அதுவே உலகில் ஓர் ஆட்டக்காரருக்காகக் கொடுக்கப்பட்ட மிகப்பெரிய தொகையாக இருந்தது. தூரினில் கழித்த நான்கு ஆண்டுகளை விரைந்து சொல்லிவிடலாம்: 1993-இல் யூஈஎஃப்ஏ கோப்பை, 1994–95 பருவத்தில் மார்ச்செல்லோ லிப்பியின் கீழ் லீக் பட்டமும் இத்தாலியக் கோப்பையும், 1996-இல் ரோமாபுரியில் அயாக்ஸ் கழகத்தைப் பெனால்டி உதைகளில் வென்று சாம்பியன்ஸ் லீக். அணித்தலைவராக அந்தக் கோப்பையை உயர்த்திப் பிடித்ததே யுவெண்டஸுக்காக அவர் செய்த கடைசிக் காரியம். ஐரோப்பாவின் மூன்று பெருங்கோப்பைகளையும் ஆட்டக்காரராக வென்ற மிகச் சிலருள் அவரும் ஒருவரானார். தேசிய அணிக்காக 59 ஆட்டங்களில் 16 கோல்கள் அடித்திருந்தபோதிலும், அங்கே அவர் எதிர்பார்த்த கீர்த்தி கிட்டவில்லை. 1990 உலகக் கோப்பை சொந்த மண்ணில் நடந்தபோது, அவருக்கு உரியதாக எல்லோரும் எண்ணியிருந்த புகழைச் சக ஆட்டக்காரர் ஸ்கில்லாச்சி அடைந்தார்.

1996-இல் அவர் லண்டனின் செல்சிக்கு வந்தது கைம்மாறாக ஒரு பவுனும் கொடுக்கப்படாமல். ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர் தம் விருப்பப்படி எந்தக் கழகத்துக்கும் போகலாம் என்றும், ஐரோப்பிய ஒன்றிய நாடுகளின் ஆட்டக்காரரை அயலாரென்று எண்ணி எண்ணிக்கைக் கட்டுப்பாடு விதித்தல் ஆகாதென்றும், போஸ்மன் என்ற பெல்ஜிய ஆட்டக்காரரின் வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் 1995 டிசம்பரில் அளித்த தீர்ப்பே அதற்கு வழிகோலியது. இந்தத் தீர்ப்பை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்வது நலம். பின்னர் அதற்குத் திரும்ப வேண்டியிருக்கும்.

செல்சியில் அப்போது ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் ஒருசேர விளங்கியவர் ஹாலந்து நாட்டின் ரூட் குல்லிட். அவருக்கும் வியால்லிக்கும் ஒத்துப்போகவில்லை. மார்க் ஹியூஸும் ஜான்ஃபிராங்கோ சோலாவும் முன்களத்தில் ஆட, ஐரோப்பியக் கோப்பையைக் கையிலேந்தி வந்த வியால்லி மாற்றாட்டக்காரர் இருக்கையில் பல வாரங்கள் உட்கார்ந்திருந்தார். 1997 ஜனவரியில் எஃப்.ஏ. கோப்பை ஆட்டமொன்றில், லிவர்பூலுக்கு எதிராக இடைவேளையின்போது 0–2 என்று பின்தங்கியிருந்த செல்சி 4–2 என்று வென்றது. அவற்றுள் இரண்டு கோல்கள் வியால்லியின் கால்களிலிருந்து வந்தன. இருந்தும் அக்கோப்பையின் இறுதியாட்டத்தில், வெற்றி உறுதியான பின்னர், கடைசி நிமிடத்தில்தான் அவர் களத்துக்கு அனுப்பப்பட்டார். செல்சிக்கு 26 ஆண்டுகளுக்குப் பின் கிடைத்த பெருங்கோப்பை அது. ஊரெல்லாம் கொண்டாடிய அந்த நாளில் அவர் அடைந்த மனக்கசப்பைப் பற்றி நாம் அதிகமாகக் கற்பனை செய்ய வேண்டியதில்லை. ஆனால் ஒன்று சொல்லவேண்டும்: மாற்றாட்டக்காரர் இருக்கையின் வேதனையை இத்தனை சமீபத்தில், இத்தனை முழுமையாக அனுபவித்த ஒருவர் மறு ஆண்டே மற்றவர்களை அந்த இருக்கையில் அமர்த்தும் அதிகாரத்தைப் பெற்றது, கால்பந்தாட்டச் சரித்திரத்தில் அடிக்கடி நிகழ்வதன்று.

1998 பிப்ரவரி 12-ஆம் தேதி குல்லிட் பதவி நீக்கப்பட்டார். அதே நாளில் வியால்லி அந்த ஸ்தானத்தில் அமர்த்தப்பட்டார். வயது 33. இத்தாலியில் இப்படி ஒரு நியமனத்தை நினைத்துப் பார்க்கவும் முடியாது. பிளாரன்ஸை அடுத்த கொவெர்ச்சானோவிலுள்ள பயிற்சிப் பள்ளியில் படித்துச் சான்று பெறாதவர் அங்கே முதற்பிரிவுக் கழகம் ஒன்றைப் பயிற்றுவிக்க விதி இடங்கொடாது. மேலும் ஆட்டக்காரர்களை வாங்குவதும் விற்பதும் அங்கே தனியே ஒரு நிர்வாகியின் பொறுப்பு. பயிற்சியாளர் கையில் வந்தவர்களைக் கொண்டு அணியை உருவாக்குவார். அந்நாளில் இங்கிலாந்தின் சம்பிரதாயம் வேறு. அங்கே மேனேஜர் என்பவர் கழகத்தின் ஆட்ட வாழ்வு அனைத்துக்கும் பொறுப்பாளியாக இருந்தார். யாரை வாங்குவது என்பதில் அவர் சொல்லுக்குப் பெருமதிப்பு இருந்தது. சான்றிதழ் ஒன்றும் அப்போது கட்டாயமில்லை. எனவே அயல்நாட்டார் ஒருவர், அதிலும் பயிற்சித்தொழிலில் ஒரு நாள் அனுபவமும் இல்லாதவர், நேற்றுவரை தம்மோடு ஒரே அறையில் உடை மாற்றிய 20-க்கும் மேற்பட்டோரின் கதியை நிர்ணயிக்கும் அதிகாரத்தைத் திடீரென்று பெற்றார். இங்கிலாந்தின் பிரிமியர் லீக்கில் ஒரு கழகத்துக்கு மேனேஜராக இருந்த முதல் இத்தாலியர் அவரே.

ஆறு நாட்களுக்குப் பின் முதல் சோதனை வந்தது. லீக் கோப்பையின் அரையிறுதியில், முதல் ஆட்டத்தை 1–2 என்று இழந்திருந்த செல்சி, தன் சொந்த மைதானத்தில் ஆர்சனலை எதிர்கொண்டது. ஆட்டம் தொடங்குவதற்கு முன் உடைமாற்றும் அறையில் வியால்லி எல்லோர் கையிலும் ஷாம்பேன் கிண்ணத்தைக் கொடுத்து அருந்தச் சொன்னார் என்பது பலராலும் சொல்லப்பட்ட செய்தி. இதை வெறும் விநோதம் என்று ஒதுக்கிவிடலாகாது. புதிதாகப் பதவியேற்ற தலைவன் வழக்கமாகச் செய்வது விதிகளை அறிவிப்பதும் வேலியிடுவதுமாகும். இவரோ முதல் காரியமாகத் தோழர்களோடு ஒரு விருந்தை நடத்தினார். மாந்தோவானியும் போஸ்கோவும் ஜெனோவாவில் உண்டாக்கிய குடும்ப உணர்ச்சியை லண்டனில் ஒரே இரவில் உண்டாக்கப் பார்த்த முயற்சி அது. அன்று செல்சி 3–1 என்று வென்றது. மார்ச் 29-ஆம் தேதி வெம்ப்ளியில் மிடில்ஸ்பரோவுக்கு எதிரான இறுதியாட்டத்தில் கூடுதல் நேரத்தில் 2–0 என்று வென்று கோப்பையைப் பெற்றது; அந்த ஆட்டத்தில் வியால்லி தம்மை அணியில் சேர்த்துக்கொள்ளவில்லை. முந்தைய ஆண்டு இதே மைதானத்தில் கடைசி நிமிடம்வரை காத்திருக்க நேர்ந்தவர், அதிகாரம் தம் கையில் வந்தபோது தம் இடத்தைப் பிறருக்கு விட்டுக்கொடுத்தார் என்பதைக் குறிப்பிடாமல் இருக்க என் மனம் ஒப்பவில்லை.

ஐரோப்பியக் கோப்பை வென்றோர் கோப்பையில் அரையிறுதி எதிரியாக வாய்த்தது இத்தாலியின் விச்சென்சா கழகம். அங்கே 0–1 என்று தோற்று, லண்டனிலும் முதலில் ஒரு கோலை இழந்த செல்சி, பின்னர் மூன்று கோல்களை அடித்துக் கரையேறியது. மே 13-ஆம் தேதி ஸ்டாக்ஹோமில் ஸ்டுட்கார்ட் கழகத்துடன் இறுதியாட்டம். இம்முறை வியால்லி தாமும் முன்களத்தில் இறங்கி ஆடினார். காயத்திலிருந்து மீண்டிருந்த சோலாவை வெளியே அமர்த்தியிருந்த அவர், 71-ஆம் நிமிடத்தில் டோரே ஆந்தரே ஃப்ளோவுக்குப் பதிலாகச் சோலாவை அனுப்பினார். களம் புகுந்த ஒரு நிமிடத்துக்குள் சோலா அடித்த கோல் கோப்பையைத் தந்தது. ஐரோப்பியக் கோப்பையொன்றை வென்ற மிக இளைய பயிற்சியாளர் என்ற பெருமை வியால்லிக்கு வாய்த்தது. 2011-இல் போர்ச்சுகலின் வில்லாஸ் போவாஸ் அதை முறியடிக்கும்வரை 13 ஆண்டுகள் அது அவரிடமே இருந்தது. ஆகஸ்டில் மொனாக்கோவில் ரியல் மாட்ரிட்டை 1–0 என்று வென்று சூப்பர் கோப்பையையும் செல்சி அடைந்தது. பதவியேற்று ஏழு மாதங்கூட ஆகவில்லை, கோப்பைகள் மூன்று.

ஆயினும் அவருடைய உண்மையான சாமர்த்தியத்தை அறியவேண்டின் பட்டம் கிட்டாத 1998–99 லீக் பருவத்தையே பார்க்கவேண்டும் என்பது என் கருத்து. கோப்பை ஆட்டங்களில் ஓர் இரவின் எழுச்சி போதும். 38 ஆட்டங்கள் கொண்ட லீக்கிலோ தினசரி உழைப்பும் ஒழுங்கும் வேண்டும். முதல் நாள் கவென்ட்ரியில் தோற்ற செல்சி, அதன் பிறகு ஜனவரிக் கடைசியில் ஆர்சனலிடம் தோற்கும்வரை லீக்கில் தோல்வியே காணவில்லை. பருவம் முழுதும் 3 தோல்விகள் மட்டுமே. முடிவில் 75 புள்ளிகளோடு மூன்றாம் இடம். பட்டம் வென்ற மான்செஸ்டர் யுனைடெட்டுக்கும் அதற்கும் இடைவெளி 4 புள்ளிகள். பட்டத்தைத் தவறவிட்டதற்குக் காரணம் 15 ஆட்டங்கள் சமநிலையில் முடிந்தமை. வெற்றியாகியிருக்க வேண்டிய அந்தச் சமநிலைகளைப் பற்றி யோசிக்கும்போது, முன்களத்துக்கென்று லாட்சியோவிலிருந்து வாங்கப்பட்ட பியர்லூயிஜி காசிராகி நவம்பரில் வெஸ்ட் ஹாம் மைதானத்தில் முழங்காலில் படுகாயமுற்று, பிறகு ஒருபோதும் ஆட முடியாமற் போன துர்ப்பாக்கியத்தையும் கணக்கில் கொள்ளவேண்டும். யுவெண்டஸில் பணியாற்றிய உடற்பயிற்சி நிபுணர் அந்தோனியோ பிந்துஸை வியால்லி லண்டனுக்கு வரவழைத்துக்கொண்டார். இத்தாலியின் உடற்பயிற்சி முறையையும் தடுப்பாட்ட ஒழுங்கையும் ஆங்கில வேகத்தோடு இணைக்கும் முயற்சி அந்தப் பருவத்தில் ஏறக்குறையப் பலித்தது. இங்கிலாந்தின் தடுப்பாட்டத் தூணாகப் பின்னர் விளங்கிய ஜான் டெர்ரிக்கு முதல் ஆட்டத்தை 1998 அக்டோபரில் கொடுத்தவரும் வியால்லியே. பருவம் முடிந்ததும் அவர் ஆட்டக்காரர் என்ற நிலையிலிருந்து ஓய்வு பெற்றார்.

1999 டிசம்பர் 26-ஆம் தேதி சவுத்தாம்ப்டனில் நிகழ்ந்த ஒன்று இன்றும் பேசப்படுகிறது. அன்று செல்சிக்காக ஆட்டத்தைத் தொடங்கிய 11 பேரில் பிரிட்டனைச் சேர்ந்தவர் ஒருவருமில்லை. இங்கிலாந்தின் லீக் சரித்திரத்தில் அதுவே முதல் முறை. ஹாலந்து, ஸ்பெயின், பிரேசில், பிரான்ஸ், நைஜீரியா, ருமேனியா, இத்தாலி, உருகுவே, நார்வே என்று ஒன்பது நாட்டவர். ஃப்ளோவின் இரு கோல்களால் 2–1 என்று வெற்றி. வியால்லியைக் கூலிப்படை திரட்டியவராகச் சிலர் சித்திரித்தனர். அது அநியாயம். ஆங்கில ஆட்டக்காரர் சிலர் காயத்தாலும் நோயாலும் அன்று வரமுடியாத நிலையில் இருந்தனர் என்பது ஒருபுறமிருக்க, அந்த 11 பேரை ஒரே களத்தில் நிற்கச் செய்தது முன்னே சொன்ன போஸ்மன் தீர்ப்பும், தொலைக்காட்சிப் பணத்தால் செழித்த ஆங்கில லீக்கின் கவர்ச்சியுமே. வியால்லி இல்லாவிடினும் வேறொருவர் கையால் சில மாதங்களில் அது நிகழ்ந்தே இருக்கும். அந்த மாறுதலைப் பயன்படுத்திக்கொண்டு இங்கிலாந்து வந்தவர் அதே மாறுதலுக்கு அடையாளமாகவும் ஆனார் என்பதே அதில் ஆராயத்தக்க விஷயம்.

அப்பருவத்தில் செல்சி முதல் தடவையாகச் சாம்பியன்ஸ் லீக்கில் ஆடியது. இஸ்தான்புல்லில் கலாத்தசராயை 5–0 என்று வென்றது. கால் இறுதியில் பார்சலோனாவை லண்டனில் 3–1 என்று வென்று, மறு ஆட்டத்தில் கூடுதல் நேரத்தில் 1–5 என்று வீழ்ந்தது. லீக்கில் ஐந்தாம் இடம். 10 மில்லியன் பவுன் கொடுத்து வாங்கிய கிறிஸ் சட்டன் லீக்கில் ஒரே ஒரு கோல் அடித்தார். முன்கள வீரரான பயிற்சியாளர் முன்கள வீரரைத் தேர்ந்தெடுப்பதிலேயே தவறியது அவர் மீது சாட்டக்கூடிய மெய்யான குற்றம். ஆனாலும் 2000 மே 20-ஆம் தேதி, இடிக்கப்படுவதற்கு முன் பழைய வெம்ப்ளியில் நடந்த கடைசி எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டத்தில், டி மத்தேயோவின் கோலால் ஆஸ்டன் வில்லாவை வென்று கோப்பையைப் பெற்றார். ஆகஸ்டில் மான்செஸ்டர் யுனைடெட்டை 2–0 என்று வென்று ஐந்தாவது கோப்பையான சாரிட்டி ஷீல்டையும் சேர்த்தார். செப்டம்பர் 12-ஆம் தேதி, லீக்கில் 5 ஆட்டங்களே முடிந்திருந்த வேளையில், அவற்றுள் ஒன்றில் மட்டுமே வென்றிருந்தார் என்ற நிலையில், பதவி நீக்கப்பட்டார்.

ஐந்து ஆட்டங்களுக்காக ஒருவரை நீக்குவதில்லை என்பது வெளிப்படை. ஆட்டக்காரர்களுக்கும் அவருக்கும் இடையே பிளவு மூண்டுவிட்டது என்றே அக்காலத்துப் பத்திரிகைகள் எழுதின. இங்கேதான் ஜெனோவாவிலிருந்து வந்த குணத்தின் மறுபக்கத்தைக் காண்கிறோம். தோழனாக இருந்து தலைவனானவனுக்கு முதல் மாதங்களில் கிடைக்கும் அன்பு மிகப்பெரிய பலம். அவனுக்காக உயிரைக் கொடுத்து ஆடுவார்கள். ஆனால் 25 பேரில் 11 பேரையே ஒரு நாளில் களத்தில் இறக்க முடியும். மற்றவர்களை வெளியே அமர்த்தும் செயலை, தொலைவில் நிற்கும் ஒரு அதிகாரி செய்தால் அது நிர்வாகம். நேற்றுவரை தோளில் கைபோட்டு நடந்தவன் செய்தால் அது துரோகமாகத் தோன்றுகிறது. வியால்லி இதை உணர்ந்து, பின்னாளில் ஆட்டக்காரர்களிடமிருந்து விலகி நிற்கத் தலைப்பட்டார். அந்த விலகல் நோயைக் காட்டிலும் கொடிய மருந்தாயிற்று. குல்லிட் தமக்குச் செய்ததைத் தாம் பிறருக்குச் செய்யக்கூடாது என்று விரும்பியிருக்கக்கூடியவருக்கு, பதவியின் இயல்பால் அதையே செய்யவேண்டியிருந்தது. சாம்ப்டோரியாவில் குடும்பம் குலையாமல் இருந்ததற்குக் காரணம், தந்தை ஸ்தானத்தில் மாந்தோவானியும், முதியவராகப் போஸ்கோவும் இருந்ததே. சகோதரர்களில் ஒருவரையே தந்தையாக்கினால் அந்த ஏற்பாடு நிலைக்காது.

2001-இல் அவர் ஏற்ற வாட்ஃபர்டுப் பொறுப்பை நீட்டி எழுத வேண்டுவதில்லை. மேனேஜர் கிரஹாம் டெய்லர் பல ஆண்டுகள் நடத்தி ஓய்வுபெற்ற கழகம் அது. இரண்டாம் நிலைப் பிரிவில் இருந்தது. பெருஞ்சம்பளத்தில் பல புதியவர்களை வாங்கியும் 14-ஆம் இடமே கிடைத்தது. அதே பருவத்தில், கீழ்ப்பிரிவுக் கழகங்களின் ஆட்டங்களை 315 மில்லியன் பவுன் ஒப்பந்தத்தில் ஒளிபரப்பிவந்த ஐடிவி டிஜிட்டல் நிறுவனம் நொடித்துப்போகவே, வரவை நம்பிச் செலவிட்டிருந்த கழகங்கள் பலவும் நிலைகுலைந்தன. வாட்ஃபர்டும் அவற்றுள் ஒன்று. 2002 ஜூனில் வியால்லி விலக்கப்பட்டார். உழைப்பாளிகளான, அவ்வளவாகப் புகழில்லாத ஆட்டக்காரர்களைக் கொண்டு அணியை ஆக்கும் கலை அவரிடம் இல்லை என்பதை அங்கே ஒப்புக்கொள்ளவேண்டும்.

அதன் பிறகு அவர் பயிற்சியாளர் பதவி எதையும் ஏற்கவில்லை. லண்டனிலேயே குடியிருந்து, இத்தாலியத் தொலைக்காட்சியில் ஆட்டங்களை விளக்கினார். கொடிய நோய்களின் ஆராய்ச்சிக்காக, முன்னாள் ஆட்டக்காரர் மாஸ்ஸிமோ மவுரோவுடன் ஓர் அறநிலையத்தை நிறுவினார். 2006-இல், பத்திரிகையாளர் காப்ரியேலே மார்க்கோத்தியுடன் சேர்ந்து, இத்தாலிய, ஆங்கிலக் கால்பந்தாட்டங்களை ஒப்பிட்டு 'தி இத்தாலியன் ஜாப்' என்ற நூலை எழுதினார். ஒரு முன்னாள் ஆட்டக்காரரிடமிருந்து நாம் வழக்கமாக எதிர்பார்க்கும் சுயபுராணமன்று அது. சீதோஷ்ணம், சிறுவர்களுக்குக் கற்பிக்கும் முறை, ஆட்டத் தந்திரம், நடுவர்கள், பத்திரிகைகள் என்று ஒவ்வொரு துறையாக எடுத்துக்கொண்டு, ஃபெர்குசன், வெங்கர், கப்பெல்லோ, லிப்பி, மொரீனியோ முதலிய பயிற்சியாளர்களிடம் நேரில் பேசி, இரு நாட்டாரும் ஒரே விளையாட்டை வெவ்வேறாக ஆடுவதற்குக் காரணம் என்ன என்று ஆராய்ந்த நூல். மழையும் காற்றும் ஓயாத நாட்டில் நின்று யோசிக்கும் ஆட்டத்துக்கு இடமில்லை, ஓடிக்கொண்டே இருக்கவேண்டும் என்பது போன்ற சாதாரண உண்மைகளிலிருந்து தொடங்கி, வெற்றி தோல்வியைப் பற்றிய சமூகத்தின் மனோபாவம்வரை அவர் செல்கிறார். பயிற்சிக் களத்தில் அரைகுறையாக நின்றுபோன அவருடைய வேலை அந்த நூலில் முழுமை பெற்றது என்றே நான் கருதுகிறேன்.

அவர் தொடங்கிய பாதையில் பின்னர் வந்தவர்கள் பலர். செல்சியில் அவருக்குப் பின் வந்தவரே இத்தாலியர், ரனியேரி. 2010-இல் அஞ்செலோத்தி, 2012-இல் மான்சினி, 2016-இல் ரனியேரி, 2017-இல் கோந்தே என இங்கிலாந்தின் லீக் பட்டத்தை நான்கு இத்தாலியப் பயிற்சியாளர்கள் வென்றனர். அவர்களுள் முன்கள வீரராக இருந்தவர் மான்சினி ஒருவரே. மான்செஸ்டர் சிட்டியில் அவர் ஆட்டக்காரர்களோடு சிநேகத்தைத் தேடாமல், பகையையும் பொருட்படுத்தாமல் கண்டிப்பாக நடந்தவர். இரட்டையரில் ஒருவர் தோழமையையும் மற்றவர் அதிகாரத்தையும் தேர்ந்தெடுத்தனர். பட்டம் கிடைத்தது அதிகாரத்துக்கு. ஆனால் வியால்லியின் செல்சி உடைமாற்றும் அறையிலிருந்து புறப்பட்டவர்களைப் பார்க்கும்போது கணக்கு அவ்வளவு எளிதாக முடிவதில்லை. அவருக்காக ஆடிய தெஷாம் 2018-இல் பிரான்ஸுக்குப் பயிற்சியாளராக உலகக் கோப்பையை வென்றார். டி மத்தேயோ 2012-இல் அதே செல்சிக்குச் சாம்பியன்ஸ் லீக்கை வென்று தந்தார். சோலா, போயெத், பெத்ரெஸ்கு ஆகியோரும் பல நாடுகளில் பயிற்சியாளராயினர். சிந்திக்கிற மனிதர்கள் நிறைந்த அறை அது என்பதை யாரும் மறுக்க முடியாது.

2018-இல் தமக்குப் புற்றுநோய் கண்டிருப்பதை வியால்லி உலகுக்கு அறிவித்தார். மறு ஆண்டு நவம்பரில், இத்தாலியத் தேசிய அணியின் பயிற்சியாளராக இருந்த மான்சினியின் அருகில், அணியின் தூதுக்குழுத் தலைவராக அமர்த்தப்பட்டார். யாரை ஆட்டத்தில் இறக்குவது, யாரை நிறுத்துவது என்ற பாரம் அவருடையதன்று. ஆட்டக்காரர்களோடு பேசுவதும் தைரியமூட்டுவதும் மட்டுமே வேலை. தோழமையைத் தண்டனையிலிருந்து பிரித்து அவர் கையில் கொடுத்த முதல் பதவி அது. 2021 ஜூலை 11-ஆம் தேதி வெம்ப்ளியில், இங்கிலாந்தைப் பெனால்டி உதைகளில் வென்று இத்தாலி ஐரோப்பிய வாகையர் பட்டத்தை அடைந்தது. 29 ஆண்டுகளுக்கு முன் வெம்ப்ளியில் தோற்றுத் தலைகுனிந்த இருவரும் அன்று ஒருவரையொருவர் தழுவிக்கொண்டு அழுதனர். 2023 ஜனவரி 6-ஆம் தேதி, 58-ஆம் வயதில், வியால்லி லண்டனில் காலமானார்.

லிப்பியோடும் அஞ்செலோத்தியோடும் அவரை ஒரே வரிசையில் வைக்க நான் துணியமாட்டேன். லீக் பட்டம் ஒன்றுமில்லாத, இரண்டே கழகங்களோடு முடிந்த ஒரு தொழில்வாழ்வுக்கு அந்த ஸ்தானம் உரியதன்று. ஆனால் பயிற்சி பெறாமல், அந்நிய நாட்டில், அந்நிய மொழியில், சொந்தத் தோழர்களை நடத்திச் சென்று 31 மாதங்களில் 5 கோப்பைகளை வென்ற ஒருவரை, வாட்ஃபர்டில் பெற்ற 14-ஆம் இடத்தைக் காட்டித் தோல்வியுற்றவர் என்று எழுதுவது வரலாற்றுக்குச் செய்யும் பிழை. இங்கிலாந்தின் இத்தாலியப் பயிற்சியாளர்களைப் பற்றி இனி எழுதுவோர் அவரிடமிருந்தே தொடங்கவேண்டும்.